ரோடு அடைபடும் முன்

ஜூலை 11

சாரல் விடுவதாக இல்லை. தீப்பெட்டிகள் நமத்துவிட்டன. புதிதாக வாங்கியதில் பாதியைப் பாலிதீன் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். மீதி அடுப்புக்கு மேலே பரணில். உப்பு டப்பாவில் தண்ணீர் கோத்திருக்கிறது.

ஜூலை 12

மாமா காலையிலிருந்தே 2019 பேச்சுதான். அந்த ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே 140 சென்டிமீட்டர்தான். அவலாஞ்சி எங்கோ இல்லை, எங்கள் ஊர் எமரால்டில் இருந்து பார்த்தால் இதோ இந்த மலைக்கு அந்தப் பக்கம். "கேரளாக் காற்று திரும்பினா முதல் அடி நமக்குத்தான்மா" என்கிறார்.

ரேஷன் அரிசி வாங்கியாயிற்று. துவரம்பருப்பு, கொள்ளு, ரவை, கருவாடு, வெல்லம். பிஸ்கட் பாக்கெட்டாக அடுக்கி வைப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிட்டு, பழையதை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வைத்தால் போதும், எதுவும் வீணாகாது. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டித் தேதி எழுதினேன். எழுதிக் கொடுத்தது பாப்பா. கையெழுத்து என்னைவிட நன்றாக இருக்கிறது.

ஜூலை 14

அத்தைக்கு இன்று சுகருக்கான இன்சுலினில் புது வயல் (மருந்துக் குப்பி) உடைத்தேன். ஃப்ரிட்ஜில் இதற்கு அடுத்தது இல்லை.

மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை, வாரக் கடைசியில் வரும் என்கிறார்கள். போன தடவையும் இதே பதில்தான். காலையில் இருந்து மனசு கணக்குப் போட்டபடியே இருக்கிறது. ஒரு வயல் 10 மில்லி. மில்லிக்கு 40 யூனிட், ஆக 400. அத்தைக்குக் காலை 20, இரவு 14, நாளுக்கு 34. பதினோரு நாள் ஓடும். அதற்கு மேல் ஒரு காலை ஊசிக்கு மட்டும் இருக்கும், அதுவும் குமிழி எடுக்கும்போது ஒரு சொட்டும் வீணாகாமல் இருந்தால். 25ஆம் தேதி இரவுக்கு மருந்து இல்லை.

அரிசி தீர்ந்தால் கீழ் வீட்டு அக்கா ஒரு படி அளந்து தருவார். எண்ணெய், சீனி, மெழுகுவர்த்தி எல்லாமே கைமாற்று கேட்கலாம். இந்த ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது? இந்தத் தெருவில் சுகர்காரர்கள் எத்தனையோ பேர், ஆனால் எல்லாரும் மாத்திரைதான். அவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது.

பேனா ஊசிக்கான மருந்து இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைப் பையன். அது மில்லிக்கு 100 யூனிட். நம்மிடம் இருப்பது 40க்கான சிவப்பு மூடி சிரிஞ்ச். அதில் இதை இழுத்தால் 20 என்று நினைத்து 50 போட்டுவிடுவோம். ஆளே போய்விடும். வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

இவர் லோடு ஏற்றிக்கொண்டு கீழே போகிறார். மேட்டுப்பாளையத்தில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 15

இவர் போன் எடுக்கவில்லை.

ஜூலை 16

எடுத்தார். முத்தோரை பாலாடாவில் கேரட் கழுவ வரிசையாம், லோடு தாமதம்.

ஜூலை 18

தண்ணீர். ஊற்றிலிருந்து வரும் குழாய் மண் சரிந்தால் முதலில் உடையும், எத்தனை முறை பார்த்தாயிற்று. வெளியே இவ்வளவு மழை கொட்டும்போது குடத்தை நிரப்பி வைக்கிறாயே என்று அக்கா கேட்டார். ஓடையில் ஓடுவது செம்மண் குழம்பு, அதையா குடிப்பது? ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டராவது வேண்டும், குடிக்கவும் சமைக்கவும். மூடி உள்ள கேன்களில் பிடித்து வைத்தாயிற்று. கலங்கல் தண்ணீராக வந்தால் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். இந்த மலை உயரத்தில் 100 டிகிரி வரும் முன்பே கொதி வந்துவிடும், அதனால் தளதளவென்று வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும்.

கேஸ் ஒன்று ஓடுகிறது, ஒன்று நிறைந்து நிற்கிறது. சீகை விறகு காய்ந்ததாகக் கிடைத்தது, திண்ணையில் தார்ப்பாய் போட்டு அடுக்கினேன். குளிருக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைக்கலாம் என்றார் மாமா. முடியவே முடியாது என்றேன். கதவை அடைத்துக்கொண்டு கரி மூட்டினால் வருகிற வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி போதும். எல்லாரும் ஒரே அறையில் படுத்தால் இன்னும் நல்லது.

ஜூலை 19

ஆரஞ்சு அலர்ட். அப்படியென்றால் ஒரு நாளில் 12 சென்டிமீட்டரில் இருந்து 20 வரை மழை. அதைத் தாண்டினால் ரெட்.

சேர்த்து வைத்தது எல்லாமே சமையலறையில். சமையலறை இருப்பது பின்பக்கம், மண்திட்டுக்கு அடியில். சரிந்தால் முதலில் புதைவதே அதுதான்! மத்தியானம் முழுக்க நானும் பாப்பாவுமாக எல்லாவற்றையும் முன் அறைக்கு மாற்றினோம். அத்தை கட்டிலையும் முன்னால் போட்டாயிற்று. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, காப்பீட்டு அட்டை, டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு கவரில். டார்ச்சும் கதவுப் பக்கம்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பாப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: சாக்கடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், கதவு இறுக ஆரம்பித்தால், திட்டில் நிற்கிற மரம் சாய்ந்த மாதிரி தெரிந்தால், யாரையும் கேட்காதே, பாட்டியை எழுப்பு, கவரை எடு, பள்ளிக்கூடத்துக்கு நட. எதையும் தேடிக்கொண்டு நிற்காதே. பேரிடர் உதவிக்கான 1077 நம்பரைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஜூலை 20

கடையில் மெழுகுவர்த்தி இரண்டு மடங்கு விலை. ஒரே ஆள் பெட்டியோடு வாங்கிப் போகிறார், பின்னால் நிற்கிற பாட்டி ஒன்றே ஒன்று கேட்டு நிற்கிறார். ரத்தம் கொதித்தது. வீட்டிலிருந்த நாலை அந்தப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22

நேற்று ராத்திரி கரண்ட் போனது. இத்தலார் ரோட்டில் மண் விழுந்து கிடக்கிறது, பஸ் இல்லை. மாமா மேட்டுக்கு ஏறி சிக்னல் பிடித்தார். இவர் மருந்தோடு ஊட்டி வரை வந்து நிற்கிறாராம். கீழே வெயில், அதனால் ஈரத்துண்டில் சுற்றி எவர்சில்வர் டம்ளரில் வைத்திருக்கிறார். எஞ்சின் சூடு படாமல் வையுங்கள், ஐஸில் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் தூக்கித்தான் போட வேண்டும் என்று மாமா கத்திச் சொன்னார்.

ஃப்ரிட்ஜ் நின்றதைப் பற்றிக் கவலை இல்லை. இந்தக் குளிரில் உடைத்த வயல் வெளியிலேயே நான்கு வாரம் தாங்கும். இரவு ஊசிக்கு முன் உள்ளங்கையில் உருட்டினேன். பால் மாதிரி ஒரே சீராகக் கலங்கியது, திட்டுத் திட்டாக நிற்கவில்லை. நல்ல மருந்துதான். 94 யூனிட் இருக்கிறது.

அத்தை ஊசி போட்டுக்கொண்டு கஞ்சி வேண்டாம் என்று படுத்துவிட்டார். இந்த அடம் அவரிடம் புதிதில்லை. "நான் சாப்பிட்டா பாப்பாவுக்குக் குறையும்" என்கிறார். டிரம் நிறைய அரிசி இருக்கிறது அத்தை என்று கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்துக் காட்டினேன். ஊசி போட்டு சாப்பிடாமல் இருந்தால் ராத்திரி சுகர் இறங்கி வேர்த்துப் போகும். தலைமாட்டில் சீனி டப்பா வைத்திருக்கிறேன்.

ஜூலை 23

நர்ஸம்மாவிடம் நடந்து போய் வந்தேன். சுகாதார நிலையத்தில் இருப்பது ரெகுலர் இன்சுலின் மட்டும். அத்தை போடுவது 30/70 கலவை, ரெகுலரோடு மெதுவாக வேலை செய்வதும் கலந்தது. ரெகுலர் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் அடங்கிவிடும், அதே அளவை மாற்றிப் போடக்கூடாது, டாக்டர் சொன்னால்தான் என்றார். டாக்டருக்கு லைன் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு வயலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், அத்தை பேர் எழுதி. அங்கேயே அழுதுவிட்டேன்.

60.

ஜூலை 24

மழை கொஞ்சம் வாங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மண்ணை எடுத்துவிட்டார்களாம், டூ வீலர் மட்டும் விடுகிறார்கள். பால் கொண்டு வருகிற தம்பி இவரைப் பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். மதியத்துக்கு மேல் ரெட் அலர்ட்.

போட்டது போக இரவுக்கும் நாளைக் காலைக்கும் இருக்கிறது.

தம்பி இன்னும் வரவில்லை. மாமா குடையை எடுத்துவிட்டார், தனியாக விட முடியாது, நானும் போகிறேன். அத்தையுடன் கீழ் வீட்டு அக்கா இருக்கிறார். இரவுக்கு 14, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், பாப்பா நோட்டில் பெரிதாக எழுதி