பின்பக்கத்தைக் காட்டு

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று பழைய மாணவிகள் சங்கச் செயலாளர் மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். மூன்று தரமும் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்தேன். எழுத என்ன இருக்கிறது? காலைப் பிரார்த்தனை, கன்ரீன் பணிஸ், மாரிக்கு ஒழுகும் மண்டபம், திருகோணமலை டச் பே கடற்காற்றில் நனைந்த வெள்ளைச் சீருடை. இதெல்லாம் போன மலரிலும் வந்தது, அதற்கு முந்தின மலரிலும் வந்தது. அதே ஆட்கள்தான் எழுதினார்கள்.

பிறகு, போன சித்திரையில் வட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. தையல் ரீச்சர் காலமாகிவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் "ஆழ்ந்த அனுதாபங்கள்" வரிசையாக விழத் தொடங்கிற்று. ஒருத்தி எழுதியதை மற்றவர்கள் அப்படியே ஒட்டியிருந்தார்கள். எழுத்துப்பிழையும் சேர்ந்தே ஒட்டுப்பட்டிருந்தது. சிட்னியில் இருக்கும் ஒருத்தி மட்டும் "பின்பக்கத்தைக் காட்டு" என்று இரண்டே சொல் போட்டாள். அதுவரைக்கும் நான் சாதாரணமாகத்தான் இருந்தேன்.

ரீச்சரின் பெயரை எழுதத் தேவையில்லை. எங்கள் காலத்தில் அங்கே படித்த எவருக்கும் தையல் ரீச்சர் என்றால் ஒருவர்தான். நாங்கள் வைத்த பட்டம் பின்பக்க ரீச்சர். அதிலுள்ள சிலேடையை விளக்கினால் மலர்க்குழு வெட்டிவிடும் என்பதால் விடுகிறேன். நாங்கள் எதைத் தைத்துக்கொண்டு போனாலும் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்குவார், திருப்புவார். பின்பக்கத்தில் முடிச்சு இருந்தால், நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு இழுபட்டிருந்தால், கத்தரிக்கோலின் நுனியால் அதைத் தூக்கி, வகுப்புக்கே தெரியும்படி காட்டுவார். "முன்னுக்கு எல்லாரும் வடிவாத்தான் இருப்பினம் பிள்ளை" என்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

1979, ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் தவணை முடியப்போகிறது, வாடை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. கரோல் நாளுக்கு ஒவ்வொரு வகுப்புக் கதவிலும் ஒரு நத்தார்த் தொங்கல் தொங்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் வகுப்பில் ஆளுக்கொன்று தைப்பது, அதில் நல்லது கதவுக்கு. நெற்றி நிறைய விபூதியும் சந்தனப்பொட்டுமாக, வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வகுப்புக்கு வரும் மனுஷி, நத்தார்த் தொங்கல் எப்படித் தைப்பது என்று எங்களுக்குப் படிப்பித்தார். அப்போது அதில் யாருக்கும் ஒரு புதினமும் தெரியவில்லை. இப்போது நினைத்தால் ஊரே அப்படித்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அல்லது எனக்கு வயது போய்விட்டது.

தொங்கல் என்றால் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட நீளத்தில் கனமான துணி. மேல் விளிம்பை மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு தடி. தடியின் இரண்டு முனையிலும் கயிறு. துணியில் சங்கிலித் தையலால் எழுத்து, காம்புத் தையலால் கொடி. மேலே தடியோடு சேர்த்துப் பச்சை இலைக்கொத்து. இலையும் துணியில் வெட்டி, விளிம்பு தைத்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்துச் செய்ய வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. ஓரிலைக்கு ஒரு பின்னேரம் போய்விடும். கத்தோலிக்கப் பிள்ளைகள் வீட்டில் சவுக்குக் கொப்பு வெட்டி வைத்துப் பஞ்சு தூவுவார்களே, அப்படிச் சவுக்கையே கட்டினால் என்ன என்று யாரோ கேட்டாள். "கரோல் நாளுக்கு முதல் நாளே கொட்டிப்போடும்" என்று ரீச்சர் முடித்துவிட்டார்.

எனக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. எழுபத்தேழுக்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து, அதுவரை கண்ணால் காணாத சாமானெல்லாம் சென்ட்ரல் றோட்டுக் கடைகளில் தொங்கத் தொடங்கியிருந்தது. அதில் பிளாஸ்ரிக் இலைச் சரம். பளபளவென்று, தொட்டால் மெழுகு போல. சித்தப்பாவிடம் கெஞ்சி இரண்டு சரம் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் பொங்கலுக்குக் கட்டிய மாவிலை மாசியில் சருகாகி, அம்மா "அதைக் கழட்டடி" என்று கத்தும் வரைக்கும் தொங்கும். இந்த இலைக்கு அந்தத் தொல்லையே இல்லை. உலகத்தையே வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எழுத்துதான் வில்லங்கம். "நத்தார் வாழ்த்துக்கள்." எண்ணிப் பாருங்கள், ஆறு புள்ளி. சிவப்பு நூலில் எழுத்து, வெள்ளை நூலில் புள்ளி. புள்ளி ஒவ்வொன்றும் பிரெஞ்ச் நொட், நாங்கள் மிளகு என்போமே, அது. ஆங்கர் நூலின் ஆறு இழையில் மூன்றைப் பிரித்தெடுத்து, ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டு வந்து, நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூலை இடக்கையால் இறுக்கிப் பிடித்தபடி, வந்த துளைக்குப் பக்கத்தில் ஊசியை இறக்க வேண்டும். பக்கத்தில். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பிடிப்பில்லாமல் நூலோடு கீழே போய்விடும். ரீச்சர் இதைப் பத்துத் தரம் சொன்னார். நான் பத்துத் தரமும் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே துளையில்தான் இறக்கினேன். போதாததற்கு, மிச்சக் காசுக்கு நெய்தல் தளர்ந்த மலிவுத் துணி. புள்ளிகள் ஏதோ ஒரு தயவில் நின்றன. கையை எடுத்தால் விழுந்துவிடும் போலிருந்தது. அதனால் பிளாஸ்ரிக் சரத்தை மேலே மட்டும் கட்டாமல், எழுத்துகளின் தலைக்கு மேலாக வளைத்து, புள்ளிகளை மறைத்து நூலால் கட்டினேன். பிறகு, எல்லாம் கட்டிய பிறகு, சிரட்டைக்கரி அயன் பெட்டியால் தேய்த்தேன். மூன்று இலை சுருண்டு கருகி, வீடெல்லாம் மணத்தது. அயன் பண்ணிவிட்டுத்தான் இலை கட்ட வேண்டும், பூவேலையை ஒரு துவாயின் மேல் குப்புறப் போட்டுத்தான் அயன் பண்ண வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அடுத்த நாள் ரீச்சர் தொங்கலை வாங்கினார். திருப்பவில்லை. எனக்கு நெஞ்சில் கொஞ்சம் தண்ணி வந்தது. பிறகு விரலால் இலைச்சரத்தை மெல்ல உயர்த்தினார். சரத்தோடு இரண்டு புள்ளி கழன்று வந்தன. துணியை ஒரு தரம் உதறினார். மிச்சமும் போயிற்று. ஒன்று மேசையில் விழுந்து உருண்டதாக எனக்கு ஞாபகம், நூல் எப்படி உருளும் என்று கேட்காதீர்கள்.

"வாசி" என்றார்.

நான் நின்றேன்.

"என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே வாசி."

"நததார வாழததுககள" என்று நாற்பது பேருக்கு முன்னால் வாசித்தேன். வகுப்பு சிரிக்கத் தொடங்கிற்று. மூன்றாம் வாங்கில் இருந்தவளின் சிரிப்பு இன்னமும் எனக்குத் தனியாகக் கேட்கும். அவளும் இந்த மலரை வாசிப்பாள், வணக்கம். ரீச்சர் சிரிக்கவில்லை. "புள்ளி விழுந்தா மெய்யெழுத்துக்கு உயிர் வந்திடும். உன்ரை வேலைக்குத்தான் உயிர் போட்டுது" என்றார். தமிழ் ரீச்சர்கூட அப்படி ஒரு இலக்கணம் படிப்பித்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கரோல் நாளன்று எங்கள் வகுப்புக் கதவில் தொங்கியது என்னுடைய தொங்கல்தான். பின்பக்கம் வெளியே தெரிய. முடிச்சுகள், அறுந்த நூல்கள், ஒரெழுத்திலிருந்து மற்றதற்குத் தாவிய சிவப்புக் கோடுகள், எல்லாம் வந்துபோகும் தாய் தகப்பனுக்கு முன்னால். என் பெயரை அவர் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை, அம்மா பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அம்மா பேசவில்லை.

இதை நான் இவ்வளவு காலமும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் பழைய மாணவிகள் ஒன்றுகூடும் விருந்துகளில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த கதை இது. ஆனால் ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது சரியான தண்டனைதானா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். செத்தவரைப் பற்றி நல்லதாக மட்டும் எழுத வேண்டுமென்றால் வேறு யாரையாவது பிடித்திருக்க வேண்டும்.

எண்பத்துமூன்று ஆடிக்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் நான் கொழும்புக்கு பஸ் ஏறினேன், அங்கிருந்து வெளியே. யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை; அப்போது சொல்லிக்கொண்டு போகிற வழக்கமும் இருக்கவில்லை. சில மாதம் கழித்து அம்மாவின் நீலக் கடிதத்தில் ஒரு வரி: "தையல் ரீச்சர் வந்தவ. உன்ரை விலாசம் கேட்டவ, குடுத்தனான்." ரீச்சரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் காலத்துத் தபாலில் தொலைந்ததா, அவர் எழுதவேயில்லையா தெரியாது. வசதிப்படி இரண்டையும் நம்பியிருக்கிறேன். நானும் எழுதலாம்தானே என்பது ஏனோ அப்போது தோன்றவில்லை.

2011 இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கோட்டைக்குள் மான் பார்த்தோம், கோணேசரைக் கும்பிட்டோம், கன்னியாவில் ஏழு கிணற்றிலும் குளித்தோம். கிண்ணியாவுக்குப் பாதையில், அந்த மிதவைப் படகில், போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். 2009 இல் பாலம் வந்துவிட்டது, பாதை இல்லை. நிலாவெளிக்குப் போகும்போது சாரதி கேட்டார், "உப்புவெளியில ஆரையும் பாக்க வேணுமோ அக்கா?" ரீச்சர் அங்கேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். றோட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை. "இல்லைத் தம்பி, வரேக்க பாப்பம்" என்றேன். வரும்போது இருட்டிவிட்டது.

போன கார்த்திகையில் மகள் சொன்னாள், "அம்மா, கடையில வாங்கிறதெல்லாம் ஒரே மாதிரி. வாசலுக்கு ஒண்டு தைச்சுத் தாங்கோவன்." நாங்கள் சைவம், ஆனால் பேத்திக்கு நத்தாரும் வேண்டும், பொங்கலும் வேண்டும். எங்கள் வீட்டுக்கு முன்னால் உண்மையான ஸ்புரூஸ் மரம் நிற்கிறது. பச்சை வேண்டுமென்றால் கையை நீட்டினால் போதும். நான் டொலர் கடைக்குப் போய்ப் பிளாஸ்ரிக் ஊசியிலையும் சிவப்புப் பழக்கொத்தும் வாங்கி வந்தேன். மரம் நிற்கும் ஊரில் பிளாஸ்ரிக் இலை வாங்குவதற்கு ரீச்சர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். இலையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். திருப்பியிருப்பார்.

நல்ல கனத்த பருத்தித் துணி, பச்சை நூலில் எழுத்து. ஆறு புள்ளிக்கு இரண்டு பின்னேரம் எடுத்தது. கண்ணாடியைக் கழற்றி மாட்டி, இரண்டு சுற்று, இடக்கையால் இறுக்கி, பக்கத்துத் துளையில். கழுத்து நொந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. துவாயில் குப்புறப் போட்டு அயன் பண்ணினேன். அதற்குப் பிறகுதான் இலை கட்டினேன்.

பேத்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு, "அம்மம்மா, இது ஸ்னோவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இங்கே வாசலில் இரண்டு கதவு, உங்களுக்குத் தெரியும். வெளிக்கதவு முழுக்கக் கண்ணாடி. தொங்கலை அதில் வெளிப்பக்கம் பார்க்கத்தான் மாட்டினோம். றோட்டால் போகிறவர்களுக்கு முன்பக்கம். வீட்டுக்குள் இருக்கும் எங்களுக்கு நாள் முழுக்கப் பின்பக்கம். "பின்னுக்கு ஒரு துணி வைச்சுத் தைச்சுவிடன், துப்பரவாய் இருக்கும்" என்றார் இவர். ரீச்சர் அதற்கு விட்டதேயில்லை. நானும் வைக்கவில்லை.

நாலு புள்ளியைத் தனித்தனியாக முடித்து நூலை வெட்டியிருந்தேன். கடைசி "க்" இலிருந்து "ள்" க்கு மட்டும், இரவு பதினொரு மணி அலுப்பில், வெட்டாமல் இழுத்துவிட்டேன். ஓரங்குலம் இருக்கும். காலையில் சப்பாத்து மாட்டக் குனிந்து நிமிரும்போது அந்த வெள்ளைக் கோடுதான் முதலில் கண்ணில் படுகிறது. அவிழ்த்துத் திரும்பத் தைக்க ஐந்து நிமிடம் போதும். தை பிறந்து, பக்கத்தில் பொங்கலுக்குப் பிளாஸ்ரிக் மாவிலையும் கட்டியாயிற்று. தொங்கல் இன்னும் அப்படியே தொங்குகிறது.