ஊவேயா: கேட்டுக்கொண்டு இறங்க வேண்டிய கடற்கரை

பசிபிக் கடலில் உள்ள ஊவேயா தீவின் மேற்குக் கரை முழுக்க, ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு, ஒரே வெள்ளை மணல். ஃபயாவே பக்கம் காலையில் நடக்க ஆரம்பித்தால் எதிரே ஆள் வருவது அபூர்வம். கடைகள் இல்லை, வாடகைக் குடைகள் இல்லை, படகுச் சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. மூலி பாலத்தின் மேல் நின்று குனிந்தால் அடியில் திருக்கை மீன் போவது துல்லியமாகத் தெரிகிறது. இந்தக் கடற்கழி 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

இவ்வளவும் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அங்குள்ள மனிதர்கள். பிரான்சின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாவின் லாயல்டி தீவுகளில் ஒன்று ஊவேயா. இங்கே நிலம் ஏறக்குறைய எல்லாமே பூர்வகுடிகளான கனாக் மக்களின் குலங்களுக்கு உரிய வழக்குரிமை நிலம். சட்டப்படி அதை விற்கவும் முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது. வெளியாள் வளைத்துப்போட்டு மதில் எழுப்ப வழியே கிடையாது. கடற்கரைக்கும் அப்படித்தான் ஒரு குலம் பொறுப்பு. போகிறவர்கள் கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. 'கூத்யூம்' என்கிறார்கள். ஒரு பூப்போட்ட துணி, அதன் மேல் ஒரு ஆயிரம் பிராங்க் நோட்டு. நான் தங்கிய வீட்டுப் பெரியவர் முன் அதை வைத்து, யார், எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார். பிறகு துணியைத் தொட்டு எடுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் வெகு நேரம் பதில் சொன்னார். இனி நாங்கள் உங்களுக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம். இதை நுழைவுக் கட்டணம் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

அந்த வீட்டில்தான் பூஞ்ஞா சாப்பிட்டேன். வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், கோழி எல்லாவற்றையும் வாழையிலையில் அடுக்கித் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டுகிறார்கள். பழுக்கக் காய்ந்த கற்களுக்கு நடுவே வைத்து மண்ணால் மூடிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால், பால் முழுக்கக் கிழங்கில் இறங்கி, ஓரங்களில் எண்ணெய் மினுங்கும். வள்ளிக்கிழங்குக்கு அங்கே தனி மரியாதை. புதுக் கிழங்கு வந்ததும் முதலில் தலைவருக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுகிறார்கள்.

வாத்ரிலா என்ற ஊரில் இறங்காமல் போகக் கூடாது. 1988 ஏப்ரலில் விடுதலை கேட்ட கனாக் இளைஞர்கள் ஃபயாவே காவல் நிலையத்தைத் தாக்கினார்கள். நான்கு காவலர்கள் இறந்தார்கள். பணயக் கைதிகளாகப் பிடித்த காவலர்களை வடக்கே கொசானா அருகே ஒரு குகையில் வைத்திருந்தார்கள். மே 5 அன்று பிரெஞ்சுப் படை குகையைத் தாக்கியதில் 19 கனாக்குகளும் இரண்டு படைவீரர்களும் மாண்டார்கள். அந்த 19 பேரும் வாத்ரிலாவில்தான் அடக்கம். மறு ஆண்டு மே 4 அன்று, துக்கம் முடிக்கும் சடங்குக்கு வந்த விடுதலை இயக்கத் தலைவர்கள் ஷான் மாரி ஜிபாவூவும் யெய்வெனே யெய்வெனேயும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் ஊவேயாக்காரர், அவர்கள் பிரான்சோடு செய்துகொண்ட மாத்தினியோன் உடன்பாட்டை ஏற்காதவர். கல்லறை முன் பேச்சு வரவில்லை. கடலை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதி ஊவேயாவைக்கூடப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஒரு சந்தோஷமான விஷயமும் உண்டு: கிரிக்கெட்! 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பாதிரிமார் லாயல்டி தீவுகளுக்குக் கொண்டுவந்தது. இன்று கனாக் பெண்கள் தொளதொளவென்ற பூப்போட்ட கவுனில், வெறுங்காலோடு ஆடுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமியாவிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். குடும்பங்கள் நடத்தும் குடிசைகளில் தங்குங்கள். பூஞ்ஞா வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சைவமானால் அதையும் சேர்த்து. லெக்கின் பாறைகளுக்குத் தனியாகப் போகாதீர்கள், ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். கூத்யூமுக்கான துணியை நூமியாவிலேயே வாங்கிவிடுங்கள்.