அஸ்தமன அட்டவணைக்கு வந்த கடிதங்கள்

ஒரு சபைப் பத்திரிகையில் மெய்ப்பு பார்க்கும் வேலையில் இருந்தபோது, கூடவே இன்னொரு பொறுப்பும் என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைகளில் சூரியன் மறையும் நேர அட்டவணையைத் தயார் செய்வது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாருக்கு ஓய்வுநாளான சனிக்கிழமை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. சபையின் 28 அடிப்படை நம்பிக்கைகளில் 20ஆவதும் அதையே சொல்கிறது: சாயங்காலம் முதல் சாயங்காலம் வரை, அதாவது அஸ்தமனம் முதல் அஸ்தமனம் வரை. ஊர்ப்பெயர், தேதி, மணி, நிமிடம், அவ்வளவுதான் அட்டவணை. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் பத்திரிகையில் வந்த எந்தக் கட்டுரையை விடவும் அந்த அரைப்பக்கத்துக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன.

மேற்கே மலை இருக்கிறது, நீங்கள் போட்ட நேரத்துக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது, நாங்கள் எதை நம்புவது என்று ஒருவர் கேட்பார். சூரியன் மறைந்தால் மட்டும் போதாது, முழுதாக இருட்டினால்தான் நாள் மாறும் என்று இன்னொருவர். விடியலில்தான் நாள் பிறக்கிறது, மத்தேயு 28:1ஐ வாசித்துப் பாருங்கள் என்று மூன்றாமவர். மலைக்காரருக்குப் பதில் எளிது: அட்டவணை தட்டையான அடிவானத்தை வைத்துப் போடப்படுவது. உண்மையில் சூரியனின் மேல் விளிம்பு அடிவானத்தைத் தொடுவதை நாம் பார்க்கும்போதே, கணக்குப்படி முழு வட்டமும் கீழே போயிருக்கும். காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் காட்டுவதால்தான் அது இன்னும் தெரிகிறது. நாம் பார்ப்பதே கணக்கில் இல்லாத சூரியன் என்றால், மலையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை!

மற்ற இருவருக்கும் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். இந்தக் கேள்விகள் எல்லாமே சபையைவிடப் பழையவை. சபை முறைப்படி அமைந்தது 1863ல். அதற்கு முன்பே, 1846ல், ஓய்வுநாளைப் பற்றிச் சிறுநூல் எழுதிப் பரப்பிய ஜோசப் பேட்ஸ் ஓய்வு பெற்ற கப்பல் தலைவர். கடலில் அலைந்தவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: அஸ்தமன நேரம் இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். பூமத்திய ரேகையில்தான் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி. ஆகவே உலகத்துக்கெல்லாம் ஒரே நேரம், மாலை 6 மணி என்றார். பெரும்பாலோர் அதையே பின்பற்றினார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிலர் சூரிய உதயத்தில் தொடங்கினார்கள். வேறு சிலர் அஸ்தமனத்தையே பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கச் சொல்லி சபையின் முன்னோடித் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஒயிட் 1855ல் இளம் போதகர் ஜே. என். ஆண்ட்ரூஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஆண்ட்ரூஸுக்கு அப்போது 26 வயது. அவர் வேதத்தில் 'சாயங்காலம்' வரும் இடங்களைத் தேடி அடுக்கினார். லேவியராகமம் 23:32 சாயங்காலம் முதல் சாயங்காலம் வரை என்கிறது. அந்தச் சாயங்காலம் எப்போது என்பதற்கு, சூரியன் அஸ்தமித்தபோது என்று சொல்லும் மாற்கு 1:32 உதவுகிறது. அந்த நவம்பரில் பேட்டில் கிரீக் ஊரில் நடந்த கூட்டத்தில் அந்த ஆய்வு வாசிக்கப்பட்டது, அநேகமாக எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். தயங்கியவர்கள் யார் என்றால் பேட்ஸும், ஜேம்ஸின் மனைவியும் தரிசனம் காண்பவர் என்று சபையார் மதித்தவருமான எலன் ஒயிட்டும்! சில நாட்களில் எலன் ஒயிட் கண்ட தரிசனமும் அஸ்தமனத்தையே உறுதிப்படுத்த, விவாதம் அடங்கியது. முதலில் வசனம், அப்புறம்தான் தரிசனம் என்ற வரிசை எனக்குப் பிடித்திருந்தது. கடிதங்களுக்குப் பதில் எழுதும்போது இதைத்தான் அதிகம் எடுத்துச் சொன்னேன்.

பேட்ஸின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹெல்சிங்கிக்கு அட்டவணை போட்டால் டிசம்பரில் பிற்பகல் மூன்றேகாலை ஒட்டியும், ஜூனில் இரவு பதினொன்றை நெருங்கியும் வருகிறது. இன்னும் வடக்கே போனால் கோடையில் பல வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை. பசிபிக்கில் வேறு விதமான தொல்லை. சமோவா 2011ல் தேதிக்கோட்டின் மறுபக்கம் போக முடிவெடுத்து டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டது. வியாழனுக்கு அடுத்த நாள் சனி. அதன் பிறகு அங்கே அட்வென்டிஸ்ட் சபை, பழைய ஏழு நாள் எண்ணிக்கையை விடாமல், ஞாயிற்றுக்கிழமை என்று எழுதப்படும் நாளில் ஓய்வுநாளை ஆசரிக்கிறது. பக்கத்தில் டோங்காவில் நீண்ட காலமாகவே அப்படித்தான். சமோவாவில் இதை ஏற்காத சிலர் பிரிந்து போய்ச் சனிக்கிழமையையே பிடித்துக்கொண்டார்கள். சூரியன் மறையும் நிமிடத்தை என்னால் சொல்லிவிட முடியும். மறைந்தது எந்தக் கிழமையின் சூரியன் என்று அட்டவணை சொல்லாது.

இருந்தாலும் இவையெல்லாம் ஓரத்துச் சிக்கல்கள். வேதத்தில் உள்ள யூதப் பண்டிகைகளையும் ஆசரிக்க வேண்டும் என்கிற பண்டிகைக்காரர்களின் கடிதங்கள் வரத் தொடங்கியபோதுதான் உண்மையான தலைவலி. லேவியராகமம் 23 ஓய்வுநாளில் தொடங்கித்தானே பஸ்கா, பெந்தெகொஸ்தே, எக்காளம், பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று போகிறது, ஓய்வுநாளைச் சொல்லும் மூன்றாம் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எப்படி விடுவீர்கள் என்று கேட்டார்கள். எருசலேமில் பெந்தெகொஸ்தேக்கு இருக்க வேண்டும் என்று பவுல் அவசரப்பட்டதை (அப்போஸ்தலர் 20:16) நினைவூட்டினார்கள். அதற்குச் சபையின் பதில் கொலோசெயர் 2:16, 17. அவை வருங்காரியங்களின் நிழல், பலிகளோடும் ஆலயத்தோடும் கட்டுண்டவை, கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன. ஓய்வுநாளோ சிருஷ்டிப்பிலேயே இருக்கிறது, பத்துக் கட்டளையிலும் இருக்கிறது. எலன் ஒயிட்டையும் இரு தரப்பும் இழுப்பார்கள். தேவஜனங்கள் இன்றும் ஒரு கூடாரப் பண்டிகை கொண்டாடினால் நல்லது என்ற கருத்தை அவர் 1890ல் வந்த நூலில் எழுதியிருக்கிறார். பஸ்கா என்றென்றைக்குமாக ஒழிய வேண்டியது என்று 1898ல் வந்த நூலில் எழுதியிருக்கிறார். ஆளுக்கொரு பக்கத்தை நகலெடுத்து அனுப்புவார்கள்.

இந்த வாதத்தில் எந்தப் பக்கம் வலுவானது என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. சபையின் பதில் போதுமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைவிட என்னை நம்பவைத்தது அட்டவணை வேலைதான். "சூரியன் மறையும் நேரத்துக்குப் பக்கத்திலேயே பண்டிகைத் தேதிகளையும் போடுங்கள்" என்று ஒருவர் எழுதினார். சரி, போடலாம், எந்தத் தேதியை? யூத ரபிகளின் நாட்காட்டி 19 வருடச் சுழற்சியில் 7 அதிக மாதங்களைச் சேர்த்து முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. ரபிகளின் மரபை ஏற்காமல் வேதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் கராயீட் யூதர்கள் பிறையைக் கண்ணால் பார்த்து மாதத்தைத் தொடங்குவார்கள், இஸ்ரவேலில் வாற்கோதுமை முற்றியதா என்று பார்த்து வருடத்தைத் தொடங்குவார்கள். முற்றவில்லை என்றால் ஒரு மாதம் தள்ளிப்போகும். அட்வென்டிஸ்டுகளுக்கு இது புதிதும் இல்லை. 1844ல், சபை உருவாகக் காரணமான இயக்கத்தைத் தொடங்கிய வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியைப் பின்பற்றியவர்கள் கர்த்தரின் வருகைக்காகக் காத்திருந்த அக்டோபர் 22, கராயீட் கணக்குப்படி ஏழாம் மாதம் பத்தாம் தேதி, அதாவது பாவநிவாரண நாள். ரபிகளின் கணக்குப்படி அந்த வருடத்துப் பாவநிவாரண நாள் செப்டம்பர் 23லேயே முடிந்துவிட்டது.

கேட்டவரிடம் திருப்பிக் கேட்டேன். அவருக்குக் கராயீட் கணக்கு வேண்டும். அதே வாரம் எழுதிய இன்னொருவருக்கு ரபிகளின் கணக்கு. வேறொருவர் வானியல் அமாவாசையிலிருந்தே மாதத்தை எண்ணுகிறவர். ஏழாம் நாளை எண்ண யாருடைய அனுமதியும் வேண்டாம், ஏழு வரை எண்ணத் தெரிந்தால் போதும். பண்டிகைக்கோ பிறையைப் பார்த்துச் சொல்ல சாட்சி வேண்டும், கதிரைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், அதை ஏற்றுக்கொண்டு அறிவிக்க ஒரு சங்கம் வேண்டும். ஆலயம் இருந்த காலத்தில் அதெல்லாம் இருந்தது. இன்று அந்த அதிகாரத்தை ஒவ்வொருவரும் தன் வீட்டு மேசையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதியவர்கள் சபையோடு சண்டை போட்டதைவிடத் தங்களுக்குள் போட்டதுதான் அதிகம்.

பண்டிகைத் தேதிகளை நாங்கள் அச்சிடவே இல்லை. அதனால் சிலருக்குக் கோபம். கூடி நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அட்வென்டிஸ்டுகள் 1868லிருந்தே முகாம் கூட்டங்கள் நடத்துகிறார்கள், அதில் கூடாரமும் உண்டு என்று அவர்களுக்கு எழுதினேன். அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது மைதானம் எப்போது காலியாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு எப்போது விடுமுறை என்றுதான் பார்க்கிறார்கள். வாற்கோதுமை முற்றியதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.