பாலம் வந்ததும் ஓரம் காணாமல் போகும்

பின்சக்கரத்தில் பஞ்சர். பயணத்தின் இரண்டாம் நாள், வெயில் ஏறிவிட்டது, அன்றைக்குப் போக வேண்டிய 85 கிலோமீட்டரில் பாதிகூட முடியவில்லை. கேரியரின் இரண்டு பக்கமும் கூடாரம், துணி, தண்ணீர் என்று கிட்டத்தட்ட 18 கிலோ தொங்குவதால் சைக்கிளை அப்படியே கவிழ்க்கவும் முடியாது. முதலில் பைகளைக் கழற்றி மரத்தடியில் வைக்க வேண்டும், அப்புறம் சக்கரம், அப்புறம் டயர். டயரை நெம்பி, ட்யூபை உருவி, காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். சத்தம் காதில் விழாத அளவு சின்ன ஓட்டையாக இருந்தாலும் கன்னத்தில் காற்று பட்டுவிடும். ஓட்டை கிடைத்தது. ஆனால் அதை ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கம்பித் துண்டு, உள்ளே அரை மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருந்தது. லாரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி இப்படித்தான் சாலை ஓரத்துக்கு வந்து சேரும். அதைப் பிடுங்காமல் ட்யூபை மட்டும் ஒட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி இறங்க வேண்டியதுதான்.

சொல்யூஷன் காயட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது கூட வந்த நண்பர் கேட்டார். "நீ பயணத்தைப் பத்தி எழுதினா படிக்க நல்லா இருக்கு. நடுவுல திடீர்னு வேகம், சட்டம், யாரு சாலைன்னு ஆரம்பிச்சிடுறே. சைக்கிள்ல எதுக்கு அரசியல்?"

அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கம்பி ஏன் என் டயரில் ஏறியது? நான் ஓரத்தில் போனதால். சாலையில் உடைவது, சிதறுவது, கொட்டுவது எல்லாவற்றையும் வண்டிகளின் சக்கரங்கள் தள்ளித் தள்ளி ஓரத்தில்தான் கொண்டுவந்து சேர்க்கின்றன. கண்ணாடி, மணல், ஆணி, மூடியில்லாத வடிகால் எல்லாம் அங்கேதான். சைக்கிளில் போகிறவருக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லப்படுகிற ஒரே அறிவுரையும் "ஓரமாப் போ" என்பதுதான். அந்த ஓரமும் எப்போதும் இருப்பதில்லை. நீண்ட தூரம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பத்து கிலோமீட்டர் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒழுங்காக இடம் இருக்கும், பாலம் வந்ததும் அது காணாமல் போகும். பாலத்தை அகலப்படுத்தச் செலவு அதிகம், அதனால் வண்டிகளுக்குத் தேவையான அகலம் போக மிச்சம் வைக்கவில்லை. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், இன்னொரு பக்கம் லாரி. பாரம் ஏற்றிய சைக்கிள் மேட்டில் மெதுவாக ஏறும்போது நேர்கோட்டில் போகாது, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் இப்படியும் அப்படியும் ஆடும். பெரிய வண்டி பக்கத்தில் கடக்கும்போது முதலில் அதன் முன்பக்கக் காற்று நம்மை வெளியே தள்ளும், அடுத்த நொடி அதன் பின்பக்கம் நம்மை உள்ளே இழுக்கும். தள்ளும்போது எதிர்த்துச் சாய்ந்தால் இழுக்கும்போது அதன் பக்கமே விழுவோம். அதனால் ஹேண்டிலை இறுக்காமல், உடம்பைத் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்து மிதிக்க வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளைக் கடக்கும் மோட்டார் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். காரில் மட்டும் போகிறவருக்கு 2 மீட்டர் என்பது அதிகப்படியாகத் தோன்றலாம். பாலத்தில் லாரியின் காற்றை ஒரு தரம் வாங்கியவருக்கு அந்த 2 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பயணத்தை எழுதும்போது சூரிய உதயத்தை எழுது, எதிர்க்காற்றை எழுது, பாலத்தை விட்டுவிடு என்றால் நான் எதை எழுதுவது? பாலமும் பயணத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் வேகம். எனக்கு இதில் கோபமே உண்டு. கணக்கு எளிமையானது, பள்ளியில் படித்ததுதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13, 14 மீட்டரில் முழுவதும் நின்றுவிடும். அதே கார் 50இல் வந்தால் பிரேக்கில் கால் படுவதற்குள்ளேயே 14 மீட்டர் போய்விடும். அதாவது ஒரு கார் நின்றுவிட்ட அதே இடத்தில் இன்னொரு கார் வேகம் துளிகூடக் குறையாமல் வந்து மோதுகிறது, மோதும் ஆற்றலும் 30இல் இருப்பதைப்போல இரண்டே முக்கால் மடங்கு. ஓட்டுநர் இருவருமே நல்லவர்களாக, கவனமானவர்களாக இருக்கலாம். உயிர் போவதும் பிழைப்பதும் அந்த 20 கிலோமீட்டரில் இருக்கிறது. ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள நகரத் தெருக்களில் 30தான் உச்ச வேகம் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தது. செய்ய முடிகிற காரியம்தான் இது. ஆனால் எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் பேச்சு இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடும்: "சரி, ஆனா சைக்கிள்காரங்க ஹெல்மெட் போடுறாங்களா?"

நான் போடுகிறேன். வழுக்கி விழுந்தால், கல்லில் ஏறிக் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றும், நீண்ட பயணத்தில் ஹெல்மெட் இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை. போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ஐரோப்பியத் தரத்தில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிப்பது மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் மோதவிட்டுத்தான். அது விழுவதற்காகச் செய்த பொருள், 60இல் வரும் காருக்காகச் செய்ததல்ல. சாலையில் ஒருவர் அடிபட்டுச் செத்தால் முதல் கேள்வியே "ஹெல்மெட் போட்டிருந்தாரா, விளக்கு இருந்ததா, ஏன் அங்கே போனார்" என்று வருகிறதே, அது டயரில் கம்பியை விட்டுவிட்டு ட்யூபை ஒட்டுவது. எத்தனை தரம் ஒட்டினாலும் மறுபடி இறங்கும்.

கம்பியைப் பிடுங்கிய ஊர்களும் இருக்கின்றன. நெதர்லாந்து பிறந்ததிலிருந்தே சைக்கிள் நாடு, அவர்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகியது, தெருக்களை இடித்து அகலப்படுத்தினார்கள், சைக்கிள் போக்குவரத்து சரிந்துகொண்டே போனது. 1971இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளைச் சாலையில் பறிகொடுத்தவர். குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், சைக்கிளில் ஊர்வலம் போனார்கள், குழந்தைகள் விளையாட ஒரு தெருவையாவது விடுங்கள் என்று கேட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு சொன்னபோது, காலியான நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிளிலும் ஸ்கேட்டிங் சக்கரத்திலும் போனார்கள். அதற்கப்புறம்தான் தனித் தடங்களும் வேகம் குறைந்த தெருக்களும் ஒவ்வொன்றாக வந்தன. இன்று அங்கே சைக்கிளில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹெல்மெட் போடுவதில்லை. அங்கே இன்னமும் சாவு இருக்கிறது, முக்கியமாக வயதானவர்கள், அதை மறைத்துப் பேசுவதில் பலனில்லை. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போவதை அங்கே யாரும் தைரியம் என்று சொல்வதில்லை. அந்த மாற்றம் பெற்றோர் தெருவில் உட்கார்ந்ததால் வந்தது. நண்பர் கேட்ட அரசியல் இதுதான்.

வரி பற்றி ஒரு வார்த்தை மட்டும், ஏனென்றால் அடிக்கடி வீசப்படும் கல் இது. "நீங்க சாலை வரி கட்டுறதில்லையே." சாலை வண்டிகளால் எப்படித் தேய்கிறது என்று 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்பது அதிலிருந்து வந்த கணக்கு. சைக்கிள் சாலையைத் தேய்ப்பது எண்ணிக்கையிலேயே வராது. அதோடு சாலைக்குப் போகும் பணத்தில் பொது வரிப்பணமும் இருக்கிறது, அதைச் சைக்கிளில் போகிறவரும் கட்டுகிறார்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. பயணத்தில் பைகள் தொங்க, பளிச்சென்ற சட்டையோடு போகும்போது என்னை எல்லோருக்கும் பிடிக்கிறது. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள், கால் வலிக்கவில்லையா என்று கேட்கிறார்கள், நின்று படம் எடுக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். அதே ஆள் திங்கட்கிழமை காலையில் சாதாரண உடையில் 7 கிலோமீட்டர் வேலைக்குப் போனால் பின்னாலிருந்து ஹாரன். அதே கால், அதே மிதி. நான் மாறவில்லை, நான் யார் என்று அவர்கள் நினைப்பதுதான் மாறியிருக்கிறது. பொழுதுபோக்காக ஓட்டுகிறவர் சாகசக்காரர், வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவர் இடைஞ்சல். விடியும் முன் துப்புரவு வேலைக்குப் போகிறவர், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், நிமிடக் கணக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர், இவர்கள்தான் எல்லா நாளும், எல்லா வானிலையிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். சாலையைத் திட்டமிடும் கூட்டத்துக்கு வர அவர்களுக்கு நேரம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் போகிறோம், ஆற்றங்கரையில் அழகான தடம் கேட்டு வாங்கிவிடுகிறோம். தொழிற்சாலைக்குப் போகும் பாலத்தில் ஓரம் இல்லாமலே இருக்கிறது. சைக்கிள் ஆர்வலர்கள் மேலும் எனக்கு வருத்தம் இருக்கிறது என்றால் அது இதனால்தான்.

பெண்கள் விஷயமும் இதோடு சேர்ந்தது. 1890களில் பெண்கள் சைக்கிள் ஓட்டினால் முகம் கோணிவிடும் என்று எழுதிய மருத்துவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான், 1894இல், மூன்று குழந்தைகளின் தாயான ஆனி லண்டன்டெரி பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றச் சைக்கிளோடு கிளம்பினார். நூறு வருடம் கழித்து, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி மிதித்தார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள், அவர்களைத் தாண்டி ஓட்டினார்கள். அப்படி ஏறியவர்களுக்கு எந்த மாதிரிச் சாலை கொடுத்தோம்? குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, அப்புறம் வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறி எடுத்து வருகிறவருக்கு ஊரின் மையத்துக்கு நேர்கோட்டில் போகும் தடத்தால் பாதி உபயோகம்தான். விளக்கில்லாத சுரங்கப் பாதை வழியாகத் தடம் போட்டால் இரவு எட்டு மணிக்கு மேல் அது அவருக்கு இல்லை. நானே இதைக் கவனித்ததில்லை, உடன் ஓட்டிய ஒரு பெண் அந்தப் பாதையின் முன் நின்று "நான் இதுல வரல, மேல சுத்தி வர்றேன்" என்று சொன்ன அன்றுதான் கவனித்தேன்.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் விடியுமுன்னே கிளம்பினோம். பாலத்தருகே வந்தபோது எங்களுக்கு முன்னால் ஒருவர் பழைய சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார், பின்னால் விளக்கு இல்லை, மட்கார்டில் ஒட்டிய சிவப்பு வில்லையும் பாதி உடைந்திருந்தது, கேரியரில் ஒரு பை. அவரைத் தாண்டிப் போகலாம் என்று நண்பர் சைகை காட்டினார், நான் வேண்டாம் என்றேன். என் பின்விளக்கைச் சிமிட்டும்படி வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு, அவர் வேகத்திலேயே வந்தோம். லாரிகள் எங்கள் இரண்டு விளக்கையும் பார்த்துக் கொஞ்சம் விலகித்தான் போயின. பாலம் முடிந்து அவர் வளைவில் திரும்பும்போது ஒரு தரம் பெல் அடித்தார். "இதையும் எழுதுவியா?" என்று நண்பர் கேட்டார். எழுதுவேன் என்றேன்.