வெண்டை போடச் சொன்னேன்

எங்கள் உரக்கடையில் கடன் புத்தகம் என் கையில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் நிலுவை எவ்வளவு என்று மட்டும் முதலாளி கேட்பார். யாருக்குக் கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பது என் முடிவு. மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இத்தனை வருடம் இந்த வேலையைப் பார்த்தாயிற்று. கொடுத்து வராமல் போன கடன்களை மறந்துவிட்டேன். கொடுக்காத ஒரு கடன் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அந்தத் தம்பிக்கு இருபத்து நாலு வயது இருக்கும். பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். கையில் இருந்தது 6,000 வெள்ளி (ரிங்கிட்). சொட்டுநீரோடு உரத்தையும் கலந்து விடுகிற ஃபெர்திகாசி முறையில் மிளகாய் போட வேண்டும் என்று தாளில் கணக்கு எழுதி எடுத்து வந்திருந்தான். 1,000 பாலிபேக், தேங்காய் நார்த்தூள், சொட்டுக் குழாய், தண்ணீர்த் தொட்டி, பம்பு, டைமர், ஏ உரம், பி உரம் என எதையும் விடவில்லை. செடிக்கு 2 கிலோ, கிலோ 6 வெள்ளி, ஆக 12,000 வெள்ளி. நான் போட்டுப் பார்த்த பில் 11,000த்தைத் தொட்டது. மீதி 5,000 கடனாக வேண்டும். கொடுத்தால் மறுநாளே வேலையை விட்டுவிடுவேன் என்றான்.

நான் முதலில் கேட்டது, “நிலம் யார் பேர்ல தம்பி?”

“மாமா பேர்லண்ணே. டி.ஓ.எல்.”

அங்கேயே என் மனம் பாதி மூடிவிட்டது. டி.ஓ.எல். என்பது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தக் கொடுக்கிற உரிமம், டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிற சமாச்சாரம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். தேசிய நிலச் சட்டம் சொல்வது அதுதான். அப்படிப்பட்ட மண்ணின் மேல் 11,000 வெள்ளியை இறக்கி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் தவணைக் கணக்கு. எங்கள் கடையில் இரண்டு மாதக் கடன்தான் உண்டு. மிளகாய் நாற்றை எடுத்து நட்டால் முதல் பறிப்புக்கே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். செடியில் பழம் சிவப்பதற்கு முன்பே என் தவணை வந்து நிற்கும். நடுவில் இலைப்பேனோ சிலந்திப்பூச்சியோ விழுந்து இலை சுருண்டால் போச்சு. மழைக்காலத்தில் பழ அழுகல் வேறு. ஒரு சுற்றோடு கைவிட்டு, பாலிபேக்கெல்லாம் வரிசையாகக் கிடக்கிற நிலங்களை இந்த வட்டாரத்தில் நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதனால் சொன்னேன்: “வேலைய விடாத. கால் ஏக்கர்ல வெண்டை போடு. முதல்ல சுண்ணாம்பு போட்டு மண்ணோட புளிப்ப எடு, அப்புறம் கோழி எரு. அம்பது நாளுக்குள்ள காய் வந்துரும். கைக்காசுலயே முடியும், கடனே வேணாம்.”

அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனாரு. அம்மா செம்பனையில உதிரிப் பழம் பொறுக்குனாங்க. எல்லாம் அடுத்தவன் தோட்டம். இப்பவும் கொஞ்சமா, ஓரமா பண்ணிக்கோன்னுதானே சொல்றீங்கண்ணே?”

அப்படி இல்லை என்றேன். முன்னே நடத்திக் காட்டினால் இளம் விவசாயிகளுக்கான மானியம் கேட்கலாம் என்றும் சொன்னேன். அதற்கும் நிலத்துக்குக் காகிதம் கேட்பார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். “சரிண்ணே” என்று வெண்டை விதையும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு போனான். ரொக்கம்.

இன்றைக்கும் அந்தக் கணக்கில் நான் ஓட்டை எதையும் காணவில்லை. 11,000 வெள்ளி வியாபாரத்தை விட்டுவிட்டு நூறு வெள்ளிக்குள் விற்றவன் நான். பொருளைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்திருந்தால் தலையாட்டியிருப்பேன். முதலாளிக்குத் தெரிந்து முகம் சுளித்தார், அதையும் தாங்கிக்கொண்டேன்.

ஆனால் ஒரு நாள் அவன் அம்மா கையுறை வாங்க வந்தார். முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. வெண்டைச் சுனை. “ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணுமேய்யா, விட்டா முத்திப் போவுது. அவன் ஷிப்ட்ல இருக்கான்.” குறையாகச் சொல்லவில்லை. “உதிரிப் பழத்துக்கு இது எவ்வளவோ தேவலை” என்று சிரிக்கவும் செய்தார். புரட்டாசியில் நல்ல விலை கிடைத்ததாம், சைவ உணவுக்கடைகளுக்கே நேராகக் கொடுத்தார்களாம்.

நான் சொன்னபடி எல்லாம் நடந்திருக்கிறது. நட்டம் இல்லை, கடன் இல்லை, வேலையும் இருக்கிறது. பணம் குறைவாகக் கேட்கும் பயிரைச் சொன்னேன். அது பணத்துக்குப் பதிலாக ஆள் கேட்கும் பயிர் என்பதும் எனக்குத் தெரியும். வேலையை விடாதே என்றும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற செடியைப் போடு என்றும் ஒரே மூச்சில் சொன்னேனே, யார் பறிப்பார்கள் என்று கேட்டேனா? மிளகாய் என்றாலும் பறிக்க ஆள் வேண்டும்தான். மருந்து தெளிக்கவும் வேண்டும். அப்போதும் அந்த அம்மாதான் குனிந்திருப்பார், கூடவே 5,000 வெள்ளிக் கடனும் இருந்திருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டால் ஆறுதலாக இருக்கிறது.

ஆறுதல் நிலைப்பதில்லை. ஏனென்றால் அவன் வேலையை விட்டிருப்பான். அவனே பறித்திருப்பான்.

என்னை உறுத்துவது இன்னொன்று. தெரிந்த ஒரு தவுக்கேயின் (பெரிய முதலாளியின்) மகன் இதே தாளோடு வந்திருந்தால், டி.ஓ.எல். நிலம் என்று நான் தயங்கியிருப்பேனா? இந்த வட்டாரத்தில் அதே மாதிரி நிலத்தில் பயிர் செய்கிறவர்களுக்கு நான் மாதாமாதம் கடன் எழுதுகிறேன். அவர்கள் பழைய வாடிக்கை, தவணை தவறாதவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் முதல் கடனைக் கொடுத்துத்தான் இருக்கிறார். வெண்டையைப் பற்றி நான் சொன்னது ஆலோசனைதானா, இல்லை கடன் கிடையாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சொன்னதா? அன்றைக்கு இரண்டும் கலந்துதான் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

தம்பி இப்போதும் வருகிறான். விதை, எரு, சுண்ணாம்பு, எல்லாம் ரொக்கம்தான். மிளகாய்ப் பேச்சை அவன் எடுப்பதில்லை. போன வாரம் நானே எடுத்தேன்: 200 பை மட்டும் போட்டுப் பார்க்கிறாயா, பாதிப் பணம் இப்போது, மீதி நாலு மாதத்தில் கொடு, என் பொறுப்பு என்றேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். முதலாளியிடம் நான் இன்னும் பேசவில்லை.