கறுப்பைப் பார்த்துத் திரை வாங்குங்கள்

வீட்டுத் திரையரங்குக்குத் திரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எது நல்லாப் பளிச்சென்று இருக்கும் என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. எது நன்றாகக் கறுக்கும்?

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சத்தைத்தான் வீச முடியும். படம் ஓடாதபோது உங்கள் ஹாலில் அந்தத் திரை எவ்வளவு இருட்டாகத் தெரிகிறதோ, படத்தில் வரும் இரவும் தலைமுடியும் அவ்வளவுதான் கறுக்கும். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து புரொஜெக்டர் வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது.

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில், இரண்டு மாடித் தெரஸ் வீடு. ஹால் 20 அடி அகலம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, வெளியே தெருவிளக்கு. பக்கச் சுவரில் சாமி மேடை. மாலையில் அம்மா ஏற்றும் விளக்கு அவர் படுக்கப் போகும்வரை எரியும். “எது வேணும்னாலும் மாத்திக்கப்பா, விளக்குல மட்டும் கை வைக்காத” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதில் கை வைக்க மனமில்லை. அந்த விளக்கு எரியும் ஹாலுக்குத்தான் திரை தேடினேன்.

இப்படிச் சொன்னால் கடையில் உடனே காட்டுவது ஏ.எல்.ஆர் திரை. அறையின் வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டு, புரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டும் நம் பக்கம் அனுப்பும் வகை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவரை ஒட்டிக் கீழே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கான திரையில் ரம்பப் பல் போன்ற நுண்ணிய வரிகள் இருக்கும். கீழிருந்து வருவதை ஏற்கும், மேலிருந்து வருவதை விழுங்கும். எங்கள் வீட்டைப் போல் சீலிங்கில் புரொஜெக்டரை மாட்டிவிட்டு அந்தத் திரையை வாங்கினால், படத்தையே அது விழுங்கிவிடும். கீழிருந்து வீசுவதற்கான திரை, மேலிருந்து வீசுவதற்கான திரை, இரண்டு வகையையும் ஏ.எல்.ஆர் என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

திரைத் துணியின் மாதிரித் துண்டு கேட்டால் கொடுக்கிற கடைகள் உண்டு. கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். திரை வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்லும் எண்தான் கெயின். கெயின் 1.0 உள்ள மேட் (பளபளப்பில்லாத) வெள்ளை, 0.8 சாம்பல், ஏ.எல்.ஆர் மூன்றையும் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டேன். வண்ணப் படத்தைவிட இது நல்ல சோதனை. துணியில் கொஞ்சம் நீலமோ பழுப்போ கலந்திருந்தால் முகங்களில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நடு சோபாவில் உட்கார்ந்து பார்த்தபோது, விளக்கு எரிந்த நிலையில் ஏ.எல்.ஆர்தான் முதலிடம். சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா உட்கார்வது ஓரத்து நாற்காலியில். தங்கை குடும்பம் வந்தால் பிள்ளைகள் சாமி மேடைப் பக்கம்வரை பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் அதே துண்டு மங்கியது, வெள்ளைச் சேலையில் மினுமினுப்பும் தெரிந்தது. நம் வீடுகளில் எல்லாரும் நடு வரிசையில் உட்கார்ந்து படம் பார்ப்பதில்லையே. ஓரத்தில் இருப்பவருக்கும் அதே படம் கிடைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மேட் வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரப்பியது. அதையே எடுத்தேன்.

வெளிச்சம் போதுமா என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. புரொஜெக்டர் வீசும் வெளிச்சத்தின் அளவான லூமென்ஸை கெயினால் பெருக்கி, திரையின் சதுர அடியால் வகுத்தால், திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதன் அளவான புட்-லாம்பர்ட் கிடைக்கும். மூலைக்கு மூலை 100 அங்குலம், அகலமும் உயரமும் 16:9 அளவில் உள்ள திரை ஏறக்குறைய 30 சதுர அடி. பெட்டியில் என்ன எண் போட்டிருந்தாலும், சினிமா மோடில் உண்மையாக 1000 லூமென்ஸ் வந்தால் 33 புட்-லாம்பர்ட். டிஜிட்டல் திரையரங்குக்கு வகுத்த அளவே 14தான். ஆக, கெயின் கூடிய திரைக்குத் தேவையே இல்லை.

வடிவத்தில் கொஞ்சம் தயங்கினேன். இப்போது வரும் தமிழ்ப் படங்களில் நிறைய 2.35:1 என்ற அகலம் கூடிய ஸ்கோப் வடிவம். 16:9 திரையில் அவற்றுக்கு மேலும் கீழும் பட்டை விழும். ஆனால் அம்மா பார்ப்பது 4:3 அளவில் எடுத்த அந்தக் காலத்துப் படங்கள். அகலமான ஸ்கோப் திரையில் அவை நடுவில் சுருங்கிப் போய்விடும். அதனால் 16:9.

சுருட்டித் தொங்கவிடும் திரை வேண்டவே வேண்டாம். நம் ஹாலில் காற்றாடி சுற்றாமல் யார் இருப்பார்கள்? துணி ஆடும், படமும் ஆடும். ஆடாவிட்டாலும், நாளடைவில் அலை விழும். அலுமினியச் சட்டத்தில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய திரைதான் சரி. திரையே இல்லாமல் படத்தைச் சுவரில் நேராக அடிக்கலாமே என்றால், அடிக்கலாம், அளவு பார்க்க அதுவே போதும். ஆனால் பூச்சின் மேடு பள்ளம் கேமரா நகரும் காட்சிகளில் தெரியும்.

அப்புறம் கறுப்பு விஷயம். வெள்ளைச் சீலிங்கில் படத்தின் வெளிச்சமே பட்டுத் திரும்பித் திரைக்கு வந்து கறுப்பைக் கெடுக்கும். திரை இருக்கும் சுவருக்கும், சீலிங்கில் முன் 4 அடிக்கும் பளபளப்பில்லாத அடர் சாம்பல் பெயின்ட் அடித்தேன். சாமி மேடையின் திரைப் பக்கம் ஒரு மரப்பலகையை நிறுத்தினேன். விளக்கு அம்மாவுக்குத் தெரிகிறது, திரைக்குத் தெரியவில்லை. வெள்ளைத் திரையிலேயே இரவுக் காட்சிகள் இரவாகிவிட்டன. திரையை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், செலவும் குறைவு.

திரையைச் சுற்றி ஒட்டக் கறுப்பு வெல்வெட் தேவைப்பட்டால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் தேடலாம். வெட்டச் சொல்வதற்கு முன் கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பில்லை. சில துணி பழுப்படிக்கும், சிலது பளபளக்கும். மிகவும் மங்கலாகத் தெரிகிற துணியை எடுங்கள்.