‘ஆயிரத்த்து’: சிபானில் என் முதல் பொதியும் ஒரு மிகை ‘த்’தும்

சிபான் என்பது பெர்ல் நிரல்மொழிக்கான நிரல் பொதிகளின் இணையக் களஞ்சியம்; அங்கே ஏறும் பொதியை டெஸ்டர்கள் என்னும் தன்னார்வலர்கள் தம் கணினிகளில் ஓட்டி, தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு என்று அறிக்கை அனுப்புவார்கள். அதில் நான் ஏற்றிய முதல் பொதியின் 0.01 பதிப்புக்கு வந்த டெஸ்டர் அறிக்கைகளில் ஏறத்தாழப் பாதி பச்சையாகவும் மீதி சிவப்பாகவும் இருந்தன. பழைய பெர்லில் தோற்றுப் புதியதில் தேறியிருந்தால் காரணத்தை ஒரு மாலைக்குள் கண்டுபிடித்திருப்பேன். ஆனால் ஒரே பெர்ல் பதிப்பு, ஒரே லினக்ஸ், ஒரே வகைச் செயலி என்று எல்லாம் ஒத்திருந்த இரண்டு கணினிகளில் ஒன்று தேர்ச்சி என்றது, மற்றொன்று தோல்வி என்றது. என் கணினியிலோ எத்தனை முறை ஓட்டினாலும் எல்லாச் சோதனைகளும் தேறின. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவிழ்ந்தபோது, முடிச்சைப் போட்டதே நான்தான் என்பது தெரிந்தது.

பொதி செய்வது எளிய வேலைதான்: எண்ணைக் கொடுத்தால் தமிழ்ச் சொல்லாக எழுதித் தரும். மொரிஷியஸில் ரோஸ் ஹில் பக்கத்துக் கோவில் ஒன்றில் என் தாய்மாமா பொருளாளராக இருக்கிறார். தைப்பூசக் காவடிக் காலத்தில் நன்கொடைச் சீட்டுகளைக் கையால் எழுதி அவருடைய விரல் வீங்கிவிடும் என்பதால், சீட்டை அச்சடித்துத் தரும் சிறு நிரல் ஒன்றை முதலில் எழுதினேன். தொகை எழுத்தாலும் இருக்க வேண்டும், அதுவும் தமிழில், பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பது மாமாவின் நிபந்தனை. 1998-இல் மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இருந்த வரிசையை மாற்றி அச்சிட்டு, எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அவர். பணத்தோடு சேர்ந்து வரும் தமிழில் அவரிடம் சலுகை கிடையாது. கோவிலுக்காக எழுதியது பிறருக்கும் பயன்படட்டுமே என்றுதான் எண்ணைச் சொல்லாக்கும் பகுதியை மட்டும் பிரித்து, மொழி சார்ந்த பொதிகளுக்கான லிங்குவா பெயர்வெளியில் ஒரு பொதியாக்கி அனுப்பினேன்.

சிபானுக்குப் பொதிகளை ஏற்றும் தளமான பாஸில் கணக்குக்கு விண்ணப்பித்தது, பெயர் கேட்டது, பொதியின் கோப்புப் பட்டியலான மேனிஃபெஸ்டில் ஒரு சோதனைக் கோப்பைச் சேர்க்க மறந்தது ஆகியவை எல்லோருக்கும் நேர்வதுதான். விரித்துச் சொல்ல வேண்டியது புணர்ச்சியைத்தான்.

தமிழ் எண்ணுப் பெயர்களை அட்டவணையாகப் போட்டு ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர் ஒன்பதைத் தாண்டியதும் திகைத்து நிற்பார். பழந்தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்ற சொல் இருந்ததன் எச்சமாகத் தொண்ணூறும் தொள்ளாயிரமும் நிற்கின்றன; ஆனால் 9,000 மட்டும் ஒழுங்காக ஒன்பதாயிரம். மூன்று ஆயிரம் மூவாயிரமாகிறது, ஐந்து ஆயிரம் ஐயாயிரமாகிறது, இருபத்தொன்று ஆயிரம் இருபத்தோராயிரமாகிறது. மாமா என் முதல் அச்சைப் பார்த்தவுடன் சிவப்பு மையால் சுழித்தது ‘முன்னூறு’ என்பதை. “தம்பி, மூன்று நூறு முந்நூறு. நீ எழுதியிருப்பது நூற்றுக்கு முன்னால் என்று பொருள்படும்” என்றார். இந்த ஒரு சுழிப்புக்காகவே பொதியில் தனிச் சோதனை ஒன்று இருக்கிறது.

இலட்சத்திலும் ஒரு சிக்கல் வந்தது. இங்கே வங்கியிலும் கடையிலும் மில்லியன் கணக்குத்தான். 100,000 ரூபாயை ‘ஓர் இலட்சம்’ என்று அச்சிட்டால் சீட்டை வாங்குபவர் மாமாவைத் திரும்பிப் பார்ப்பார். ஆகவே நூறாயிரம், மில்லியன் என்று போகும் முறையை இயல்பிருப்பாகவும், இலட்சம், கோடி என்று போகும் முறையைத் தேர்வாகவும் வைத்தேன். சென்னையில் இருப்பவர்கள் இதைத் தலைகீழ் என்பார்கள். அவர்களுக்கு ஒரு வரி அமைப்புப் போதும்.

இனிப் பிழைக்கு வருகிறேன். ஒரு பெரிய எண்ணுக்குப் பின் சிறிய எண் வரும்போது முன்சொல்லின் ஈறு திரிய வேண்டும்: நூறு நூற்று ஆகும், இருபது இருபத்து ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். ஈறுகளைச் சாவியாகவும் திரிபுகளை மதிப்பாகவும் வைத்து ஒரு ஹாஷ், அதாவது சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பு, எழுதினேன். ‘று’ என்று முடிந்தால் ‘ற்று’, ‘து’ என்று முடிந்தால் ‘த்து’, ‘ம்’ என்று முடிந்தால் ‘த்து’. பிறகு சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லின் முடிவில் பொருத்திப் பார்த்து மாற்றும் சுழற்சி. நான்கே வரிகள், பார்க்க அழகாகவும் இருந்தது.

தோல்வியுற்ற அறிக்கைகளில் ‘கிடைத்தது’, ‘எதிர்பார்த்தது’ என்ற இரண்டு வரிகளும் என் திரையின் சிற்றெழுத்தில் ஒன்றுபோலவே தெரிந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து ஒப்பீட்டில் தோற்றால் அது யூனிகோட் இயல்பாக்கச் சிக்கல்தான் என்று முடிவுகட்டினேன். ‘தொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம் அல்லவா? ஒரு வாரம் முழுதும் எல்லாச் சரங்களையும் இயல்பாக்கி, அதற்கும் சோதனை எழுதி, 0.02 பதிப்பை ஏற்றினேன். அறிக்கைகள் மறுபடியும் பாதிக்குப் பாதியாக வந்தன. தோற்ற சோதனை 21,300-க்கானது என்பதையும், அதில் அப்படி இரண்டு விதமாக எழுதத்தக்க எழுத்து ‘தோ’ ஒன்றுதான் என்பதையும் அதுவரை நான் கவனிக்கவில்லை.

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி அலுவலகங்கள் மூடப்பட்ட ஒரு நாளில், மின்சாரம் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, இரண்டு வரிகளிலும் உள்ள குறிகளை எண்ணினேன். கிடைத்தது இரண்டு குறி நீளம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ‘இருபத்தோராயிரத்த்து முந்நூறு’ என்று இருந்தது. தகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. ‘ம்’ விதி முதலில் ஓடி ‘ஆயிரத்து’ என்று ஆக்க, அடுத்து ஓடிய ‘து’ விதி அந்த முடிவையும் பிடித்து இன்னொரு ‘த்’தைச் செருகியிருக்கிறது. ‘து’ விதி முந்திக்கொண்டால் பிழை இல்லை. எது முந்தும் என்பதோ ஹாஷின் விருப்பம், 5.18 பதிப்பு முதல் பெர்ல் ஒவ்வொரு ஓட்டத்திலும் சாவிகளின் வரிசையைக் குலைத்துப்போடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

அப்படியென்றால் என் கணினியில் மட்டும் ஏன் ஒருமுறைகூடத் தோற்கவில்லை? இரண்டு ஆண்டுக்கு முன் வேறொரு நிரலின் பிழையைத் துரத்தியபோது, வரிசை மாறாமல் இருப்பதற்காக அந்தக் குலைப்பைத் தீர்மானிக்கும் எண்ணான ஹாஷ் விதையைச் சுழியமாக்கும் சூழல் மாறியை, கட்டளைகளை இயக்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை அங்கேயே விட்டுவிட்டு மறந்துபோனேன். உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் சீட்டு குலுக்கிப் போடப்பட, எனக்கு மட்டும் ஒரே சீட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

இதில் எனக்கு வெட்கம் தரும் பகுதி வேறு. முதல் பதிவேற்றத்துக்கு முன்பே மாமா தொலைபேசியில், “தம்பி, 1,001 ரூபாய்க்கு இரண்டு சீட்டு அடித்தேன். ஒன்றில் ஒரு ‘த்’ கூடுதலாக இருக்கிறது” என்றார். அச்சுப்பொறியின் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கருவியின் மேல் எனக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. எல்லா மொழியும் வரும் என்று சொல்லி போர்ட் லூயிஸ் கடை ஒன்றில் விற்றார்கள்; தமிழை அனுப்பினால் கேள்விக்குறிகளாகக் கக்கியது. வெப்பத்தாள் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தமிழ் எழுத்துகளைக் கோத்து அமைப்பதில்லை. சீட்டு முழுவதையும் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். நான் படமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். படத்துக்குள் அச்சுப்பொறி எப்படி ஒரு தகரத்தைச் செருகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், பொதி பிழையோடு சிபானுக்குப் போயிருக்காது.

திருத்தம் சிறியது. ஹாஷை எடுத்துவிட்டு, விதிகளை வரிசை மாறாத பட்டியலாக வைத்து, ஒரு விதி பொருந்தியவுடன் சுழற்சியை விட்டு வெளியேறச் செய்தேன். ஆனால் இந்த முறை என் கண்ணை நான் நம்பவில்லை. பழைய நிரலை விதை 1 முதல் 200 வரை மாற்றி மாற்றி ஓட்டியதில் 97 முறை தோற்றது. புதிய நிரல் ஒருமுறையும் தோற்கவில்லை. தொடக்கக் கோப்பின் அந்த வரியையும் அழித்துவிட்டேன். பாதிக்குப் பாதி தோற்கும் அறிக்கையைப் பார்ப்பவர்கள், யூனிகோடைச் சந்தேகிக்கும் முன் ஹாஷைச் சந்தேகியுங்கள்.

ஏற்றிய பதிப்பெண்ணை மறுபடியும் பயன்படுத்த பாஸ் விடாது என்பதால், அவசரப்பட்டு 0.03 என்று அனுப்பாமல், அடிக்கோடு போட்ட 0.02_01 என்னும் சோதனை வெளியீடாக அனுப்பினேன். இது பட்டியலில் ஏறாது, டெஸ்டர்கள் மட்டும் எடுத்து ஓட்டுவார்கள். முகம் தெரியாத யாரோ தம் வீட்டு மின்சாரத்தைச் செலவழித்து, நான் தொட்டுப் பார்த்திராத இயங்குதளங்களில் என் சோதனைகளை ஓட்டி அறிக்கை அனுப்புகிறார்கள். இதுவரை வந்தவை அத்தனையும் பச்சை.

0.03 வருவதற்குள்ளேயே அடுத்த ஆசை தொற்றிக்கொண்டது. 2019-இல் வெளியான யூனிகோட் 12.0 பழைய தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்குமாக 51 குறிகளைச் சேர்த்தது; முக்காலும் மாகாணியும் எழுத்தாகவும் குறியாகவும் வர வேண்டும் என்று கிளை ஒன்றைத் தொடங்கிவிட்டேன். இவற்றைத் தட்டச்சு செய்ய வசதியான விசைப்பலகை அமைப்பு எனக்கு அகப்படவில்லை. சென்னை சென்ற அத்தை மகன் வாங்கி வந்த தமிழ்99 ஒட்டிகளே ஆறு மாதத்தில் தேய்ந்துவிட்டன.

அதற்கு முன் தீர வேண்டியது ஒன்று உண்டு. 12,000-க்கு நான் ‘பன்னிரண்டாயிரம்’ என்று போட்டிருக்கிறேன். ‘பன்னீராயிரம்’ அல்லவா சரி என்று மாமாவுக்கு ஐயம். கோவிலின் பழைய கணக்கேடுகளில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பெட்டி பூட்டியிருக்கிறதாம், சாவி தலைவரிடம் இருக்கிறதாம். சாவி கிடைத்ததும் 0.03 போகும்.